ஓசோன் ஓட்டையாலதான் காசிமேட்டுல மீன் குறைஞ்சுதா? யுவி, பாசி, கடல் பத்தி கொஞ்சம் நீளமா

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல விசைப்படகு வெச்சிருக்கற வீட்டுப் பையன் ஒருத்தன், பி.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கிறான், கேட்டது இது: "அண்ணா, ஓசோன் ஓட்டை வழியா வர்ற அல்ட்ரா வயலட்னால கடல்ல பாசி எல்லாம் சாவுது, அதான் நெத்திலி, கவலை எதுவுமே முன்ன மாதிரி இல்லன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. எங்கப்பா 'வெயில்லதானடா செடியே வளருது, வெயில்ல எப்டி சாவும், இன்னா கத உடுறானுங்கோ'ன்றாரு. யாரு சொல்றது கரெக்ட்? இதையே ப்ராஜக்டா பண்ண முடியுமா?"

தம்பி, ரெண்டு பேரும் பாதி பாதி கரெக்ட். யுவி, அதான் அந்த அல்ட்ரா வயலட், கடல் பாசியோட போட்டோசிந்தசிஸ்ஸ (வெளிச்சத்தை வெச்சு சாப்பாடு செஞ்சுக்கற வேலையை) குறைக்கும்ன்றது உண்மை, அதுல சந்தேகமே வேணாம். ஆனா ஓசோன் ஓட்டைக்கும் காசிமேட்டு ஏலத்துல கூடை காலியா இருக்கறதுக்கும் முடிச்சு போடறது தப்பு. ஏன் தப்புன்னு சொல்லணும்னா கொஞ்சம் சுத்தி வரணும், டீ ஒண்ணு போட்டுக்கினு வந்து படி.

முதல்ல பாசின்னு நாம சொல்றது எதைன்னு தெளிவா வெச்சுக்குவோம். பாறையில ஒட்டியிருக்கற வழுக்குப் பாசி இல்ல, தண்ணியில மிதந்துக்கிட்டே இருக்கற ஒத்தை செல் ஆளுங்க, பைட்டோபிளாங்க்டன். டயாட்டம், டைனோஃபிளாஜெல்லேட், அப்புறம் நீலப்பச்சைப் பாசி வகையறா. உலகத்துல நடக்கற மொத்த போட்டோசிந்தசிஸ்ல ஏறக்குறைய பாதி இதுங்க வேலை, ஆனா மொத்த எடைன்னு பார்த்தா உலகத்துல இருக்கற செடி கொடி மரத்துல ஒரு சதவீதம்கூட வராது. அவ்ளோ சீக்கிரம் பொறந்து அவ்ளோ சீக்கிரம் தின்னப்படுது. நெத்திலி, கவலை, மத்தி எல்லாம் இதையும் இதைத் தின்ற குட்டி குட்டி ஜந்துங்களையும் வடிகட்டித் தின்னுதான் வளருது, அந்த வகையில ஃபார்வர்டு எழுதுனவன் தொட்ட சங்கிலி நெசம்தான்.

இப்ப வெயிலுக்கு வருவோம். போட்டோசிந்தசிஸ்க்கு வேண்டியது 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள வெளிச்சம், அதாவது நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சம். அதுக்குக் கீழ 400லேர்ந்து 315 வரைக்கும் யுவி-ஏ, 315லேர்ந்து 280 வரைக்கும் யுவி-பி, அதுக்கும் கீழ யுவி-சி. யுவி-சி கீழ வர்றதே இல்ல, மேலயே ஆக்சிஜனும் ஓசோனும் முழுசா முழுங்கிடும். யுவி-பியில பெரும்பகுதியை ஓசோன் புடிச்சிடும், மீதி கொஞ்சம் வரும். யுவி-ஏவை ஓசோன் கிட்டத்தட்ட தொடறதே இல்ல. தரைக்கு வர்ற யுவியில 95 சதவீதம் யுவி-ஏதான். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோ, பின்னாடி வேணும்.

சரி, ஓசோன் ஓட்டை எங்க இருக்கு? அன்டார்டிகா மேல. 1985ல ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின்னு மூணு பிரிட்டிஷ் விஞ்ஞானிங்க ஹாலி பே ஸ்டேஷன் அளவுகளை வெச்சு வெளியில சொன்னாங்க. அங்க வசந்த காலத்துல, நம்ம செப்டம்பர் அக்டோபர்ல, ஓசோன் 220 டாப்சன் யூனிட்டுக்கு (தலைக்கு மேல ஓசோன் எவ்ளோ இருக்குன்னு அளக்கற அலகு) கீழ போச்சுன்னா அதை ஓட்டைன்னு கணக்கு. சென்னை மேல ஓட்டையும் கிடையாது ஒடைசலும் கிடையாது. ஆனா நம்ம பக்கம், பூமத்திய ரேகை பக்கத்துல இருக்கற எல்லா ஊருக்குமே, ஓசோன் இயற்கையாவே மெல்லிசு, பெரும்பாலும் 250, 270 யூனிட் பக்கம்தான். அதோட சூரியன் நேரா தலைக்கு மேல வருது. சென்னையில ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் மத்தியானம் நிழலே விழாது, ஸ்கூல் பசங்கள கூட்டிக்கினு போயி கொம்பு நட்டு காட்டுவாங்களே, அந்த நாள். அதனால ஏப்ரல், மே மாசத்துல இங்க யுவி இன்டெக்ஸ், அதாவது யுவி எவ்ளோ கடுமைன்னு சொல்ற எண், 11ஐ தாண்டறது ரொம்ப சாதாரணம், ஓட்டைக்கு கீழ இருக்கற அன்டார்டிகாவைவிட நம்ம வீட்டு மொட்டை மாடியில மத்தியானம் யுவி ஜாஸ்தின்னு சொன்னா நம்ப மாட்டே, பெரும்பாலான நாள்ல அதான் நெசம். நம்ம கடல் பாசி இந்த யுவியில லட்சக்கணக்கான வருஷமா குடித்தனம் பண்ணிக்கினு இருக்கு. ஓட்டை விழுந்ததுல மாட்டிக்கிட்டது குளிர்ல மங்கல் வெளிச்சத்துல பழகியிருந்த தெற்குக்கோடி பாசி.

அதையும் சும்மா சொல்லல, அளந்தாங்க. ரே ஸ்மித்தும் கூட இருந்தவங்களும் 1990ல கப்பல்ல போயி அன்டார்டிகாவோட பெல்லிங்ஸ்ஹாசன் கடல்ல, ஐஸ் உருகற ஓரத்துல, ஓட்டைக்கு உள்ளயும் வெளியிலயும் மாத்தி மாத்தி அளந்து 1992ல வெளியிட்டாங்க. ஓட்டைக்குக் கீழ பாசியோட உற்பத்தி குறைஞ்சது 6லேர்ந்து 12 சதவீதம் கம்மி. இந்த ஃபார்வர்டுக்கு மூலம் அனேகமா இதுதான், எங்கயோ அன்டார்டிகா போச்சு, காசிமேடு வந்து ஒட்டிக்கிச்சு.

உங்கப்பா கேட்ட கேள்விதான் இதுல எனக்குப் புடிச்சது. வெயில்ல வளர்ற ஒண்ணு வெயில்ல எப்டி அடிபடும்? செல்லுக்குள்ள போயி பார்க்கணும். வெளிச்சத்தை வாங்கி தண்ணிய உடைச்சு ஆக்சிஜன் விடற மெஷின் ஒண்ணு இருக்கு, போட்டோசிஸ்டம் ரெண்டுன்னு பேரு. அது நடுவுல டி1ன்னு ஒரு புரோட்டீன். தண்ணிய உடைக்கற எடத்துல மாங்கனீஸ் அணு நாலும் கால்சியம் ஒண்ணும் சேர்ந்த ஒரு கொத்து இருக்கும். யுவி ஃபோட்டான்ல சக்தி ஜாஸ்தி, அது வந்து இந்த மாங்கனீஸ் கொத்தையே கலைச்சு விட்டுடுது, டி1 உடையுது, எலக்ட்ரான் ஓடற பாதை அங்கயே நின்னுடுது. அதோட நிக்கல. கார்பன்-டை-ஆக்சைடைப் பிடிச்சு சர்க்கரையாக்கற ருபிஸ்கோ என்சைமும் குறையுது, டிஎன்ஏவுல பக்கத்துப் பக்கத்துல இருக்கற தைமின் ரெண்டு ஒட்டிக்கிட்டு காப்பி எடுக்க முடியாம போகுது, நைட்ரேட்டை உள்ள இழுக்கற வேலையும் தடுமாறுது. இதுல எது முதல்ல நடக்குது, எது ஜாஸ்தின்றது இனத்துக்கு இனம் மாறும், ஆனா பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறது டி1தான்.

ஆனா செல்லு சும்மா அடி வாங்கிக்கினு உக்காந்திருக்காது. உடைஞ்ச டி1ஐ வெட்டி எடுத்துட்டு புதுசா ஒண்ணு செஞ்சு அதே எடத்துல சொருகிடும், நல்ல வெயில்ல ஒரு டி1 ஒரு மணி நேரம் கூட தாங்காது, மாத்திக்கிட்டே இருக்கணும். துறைமுகத்துல உக்காந்து வலை பொத்தறவங்களைப் பாரு, கிழியற வேகத்துக்குப் பொத்திட்டா தொழில் நிக்காது, பொத்தற ஆளு லீவு போட்டா ரெண்டு நாள்ல வலை கந்தல். பாசிக்கும் அதேதான், யுவி எவ்ளோ அடிக்குதுன்றது பாதிக் கணக்கு, ரிப்பேர் எவ்ளோ வேகமா நடக்குதுன்றது மீதிப் பாதி. அன்டார்டிகாவுல தண்ணி ஜில்லுன்னு இருக்கு, என்சைம் மெதுவா வேலை செய்யுது, ரிப்பேர் பின்தங்கிடுது, காலையில பட்ட அடியும் சாயங்காலம் பட்ட அடியும் கூடிக்கிட்டே போகுது. இங்க தண்ணி 28, 30 டிகிரி, ரிப்பேர் சட்டுபுட்டுன்னு ஓடுது, அதனால கொஞ்ச நேரத்துல அடியும் ரிப்பேரும் ஒரு மட்டத்துல சமமாகி நின்னுடும். காலையில நல்லா வேலை செய்யற பாசி மத்தியானம் சரிஞ்சு சாயங்காலம் மறுபடி எழுந்துக்கும், பாசி திருப்பி விடற மங்கல் ஒளியை அளக்கற ஃப்ளோரசன்ஸ் கருவியில அளந்தா இந்த மத்தியானப் பள்ளம் அப்டியே கிராஃப்ல தெரியும். டிஎன்ஏ ஒட்டிக்கிட்டதைப் பிரிச்சு விடறதுக்குன்னே ஃபோட்டோலையேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது வேலை செய்ய நீல வெளிச்சமும் யுவி-ஏவும்தான் வேணும். அடிக்கறதும் வெயில், மருந்து போடறதும் வெயில். உங்கப்பாகிட்ட இதைச் சொல்லு, சந்தோஷப்படுவாரு.

இங்க ஒரு நுணுக்கம், சாப்பாடு இல்லாத பாசி ரிப்பேர் பண்ணாது. டி1 செய்ய நைட்ரஜன் வேணும். வங்காள விரிகுடா நடுவுல மேல் தண்ணியில நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அங்க இருக்கற பாசி யுவியையும் பசியையும் ஒண்ணா சமாளிக்கணும்.

அடுத்து, யுவி-பியா யுவி-ஏவா எது ஆபத்துன்னு எல்லாரும் கேப்பாங்க. ஒரே அளவு சக்தி எடுத்துக்கிட்டா யுவி-பி பல மடங்கு மோசம், அதுல டவுட் இல்ல. ஆனா எண்ணிக்கையில யுவி-ஏ அத்தனை ஜாஸ்தி, தண்ணிக்குள்ளயும் ஆழமா எறங்குது, கூட்டிப் பார்த்தா கடல்ல போட்டோசிந்தசிஸ் குறையறதுல பெரும்பங்கு யுவி-ஏ கணக்குலதான் வரும். 1992ல ஜான் கல்லன், பேட்ரிக் நீல், மைக்கேல் லெஸ்ஸர் மூணு பேரும் இதுக்கு ஒரு முறை போட்டுக் குடுத்தாங்க, ஒவ்வொரு அலைநீளத்துக்கும் எவ்ளோ பாதிப்புன்னு தனித்தனியா எடை போட்டு ஒரு வளைவு, அதை அன்னைக்கு அடிக்கற வெயிலோட பெருக்கினா எவ்ளோ நஷ்டம்னு வரும். இது வந்ததுக்கு அப்புறம்தான் இந்தத் துறையில வாய்க்கு வந்த நம்பர் பேசறது குறைஞ்சுதுன்னு என் அபிப்பிராயம். இப்ப கவனி, ஓசோன் குறைஞ்சா ஏறறது யுவி-பி மட்டும்தான், யுவி-ஏ அப்டியேதான் இருக்கும். பெரிய பங்கு யுவி-ஏன்னா, ஓசோனுக்கும் பாசியோட நஷ்டத்துக்கும் உள்ள கயிறு நாம நினைக்கறதைவிட தொளதொளன்னு இருக்கு.

நீலும் கூட்டாளிங்களும் 1998ல இதையே கணக்குப் போட்டுக் காட்டினாங்க, அன்டார்டிகாவுல ஓசோன் திடீர்னு பாதியா குறைஞ்சாகூட மேலேர்ந்து கீழ வரைக்கும் சேர்த்துப் பார்த்தா ஒரு நாள் உற்பத்தி ரொம்ப மோசமா போனா 8.5 சதவீதம் வரைக்கும் குறையலாம். அதைவிட பெரிய மாத்தம் தண்ணி எவ்ளோ ஆழத்துக்குக் கலங்குதுன்றதாலயே வந்துடுது.

இதான் என்னைக் கேட்டா விஷயமே. பாசி ஒரே எடத்துல நிக்கறதில்ல. காத்து அடிச்சு அலை உருண்டு மேல் தண்ணி கீழ போகும் கீழ் தண்ணி மேல வரும், அதோட பாசியும் ஏறி எறங்கும். கொஞ்ச நேரம் மேல வந்து யுவியில அடிபட்டு, அப்புறம் 20, 30 மீட்டர் கீழ போயி நிழல்ல ரிப்பேர் பண்ணிக்கும். கலக்கல் நின்னு போச்சுன்னா மேல மாட்டிக்கிட்டது மேலயே நாள் பூரா வேகும். வங்காள விரிகுடாவுக்கு இந்த வியாதி ஏற்கெனவே உண்டு, கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி, கிருஷ்ணான்னு இத்தனை ஆறு நல்ல தண்ணிய கொண்டாந்து கொட்டுது, லேசான தண்ணி மேல ஒரு ஏடா நிக்குது, கீழ உப்புத்தண்ணி கனமா கிடக்குது, சாதாரணக் காத்துக்கு ரெண்டும் கலக்கறதில்ல. அரபிக்கடல்ல இவ்ளோ தகராறு இல்ல. இங்க புயல் வந்தாத்தான் ஏடு உடையுது, கீழ இருக்கற சத்து மேல வந்து ரெண்டு மூணு நாள்ல பாசி குப்புனு பெருகறதை சேட்டலைட்லயே பார்க்கலாம். கடல் சூடாக சூடாக இந்த ஏடு இன்னும் இறுகும்னுதான் எல்லாரும் பயப்படறாங்க. யுவி இனிமே கடலை பாதிச்சா அது ஓசோன் வழியா வர்றதைவிட இந்த வழியாத்தான் ஜாஸ்தி வரும்னு நான் நினைக்கறேன். ஓசோன் ஒருவிதத்துல தேறிக்கிட்டு வருது, ஓசோனைக் கெடுக்கற கேஸ்களை நிறுத்த போட்ட 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் உருப்படியா வேலை செஞ்ச அபூர்வமான ஒப்பந்தம், 2022 ஐ.நா. மதிப்பீட்டுல அன்டார்டிகா 2066 வாக்குல, மத்த உலகம் பெரும்பாலும் 2040 வாக்குல 1980 அளவுக்குத் திரும்பும்னு போட்டிருக்காங்க. (காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி கேஸ்தான் ஓசோனைக் கெடுக்குதுன்னு இன்னொரு ஃபார்வர்டும் பார்த்தேன். ஐஸ் ஃபேக்டரியில ஓடறது அம்மோனியா, மூக்கை எரிக்கும், ஓசோனைத் தொடாது.)

எல்லா பாசியும் ஒரே மாதிரி அடிபடாது. சிலது சொந்தமா சன்ஸ்க்ரீன் செஞ்சுக்குது, மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள்னு பேரு, 310லேர்ந்து 360 நானோமீட்டர் வரைக்கும் யுவியைக் குடிச்சு சூடா மாத்தி விட்டுடும். ஆனா இதுல ஒரு வரம்பு இருக்கு, செல் ரொம்ப சின்னதா இருந்தா யுவி உள்ள போயி வெளிய வர்ற தூரமே பத்தாது, எவ்ளோ திணிச்சாலும் பிரயோஜனம் இல்ல. புரோக்ளோரோகாக்கஸ்னு ஒண்ணு, 0.6 மைக்ரோமீட்டர்தான், உலகத்துலயே எண்ணிக்கையில அதிகமா இருக்கற போட்டோசிந்தசிஸ் ஜீவன் அதுதான், 1980கள்லதான் கண்டுபுடிச்சாங்க, அதுக்கு யுவின்னா ரொம்ப பயம். அதோட சொந்தக்காரன் சினெக்கோகாக்கஸ் கொஞ்சம் தாங்கும். பெரிய டயாட்டமுக்கு சன்ஸ்க்ரீன் உதவும், தவிர மஞ்சள் நிறமி ஒண்ணை வெச்சு அதிகப்படி சக்தியை சூடா கொட்டிடற வித்தையும் தெரியும்.

நீங்க நேரா பார்த்திருக்கக்கூடிய ஆளு ஒருத்தர் இருக்கார். வெயில் காலத்துல கடல் கண்ணாடி மாதிரி படுத்திருக்கறப்போ தண்ணி மேல மரத்தூள் கொட்டினாப்ல பழுப்பா நீள நீளமா கோடு மிதக்கும், கிட்ட போனா ஒரு மாதிரி வாடை வேற அடிக்கும். அது டிரைக்கோடெஸ்மியம், நீலப்பச்சைப் பாசி. அதுக்கு உள்ள காத்துப் பை இருக்கு, மேலயே மிதக்கும். மத்த பாசி எல்லாம் கீழ ஓட இது மட்டும் ஏன் மேல வந்து வெயில்ல படுத்துக்கினு இருக்குன்னா, சன்ஸ்க்ரீன் அதுகிட்ட அப்டி இருக்கு, 330 நானோமீட்டர் பக்கத்துல பெரிய மலை மாதிரி உறிஞ்சும், எந்த அலைநீளம் எவ்ளோ உறிஞ்சப்படுதுன்னு காட்டற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல போட்டா பளிச்சுன்னு தெரியும். காத்துலேர்ந்து நைட்ரஜனை அதுவே பிடிச்சுக்குது, அதனால ரிப்பேருக்கும் பஞ்சம் இல்ல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், யுவி உச்சத்துல இருக்கற மாசங்க, படகெல்லாம் கரையில நிக்கறப்போ இவரு கடல்ல ராஜா. ராத்திரி அலை நீலமா மின்னுதுன்னு வீடியோ போடறாங்களே, அது நாக்டிலூக்கா, அது வேற. அது மத்த பாசியைப் புடிச்சுத் தின்ற ஜாதி.

யுவியால நல்லதே இல்லையான்னா, இருக்கு. மேகமூட்டமா இருக்கற நாள்ல, இல்ல தண்ணி வேகமா கலங்கறப்போ, யுவி-ஏவையே வெளிச்சமா பயன்படுத்தி பாசி கார்பனைப் பிடிக்குதுன்னு சீனாவுல குன்ஷன் காவ் குழு தென்சீனக் கடல் ஓரத்துப் பாசியில 2007ல காட்டினாங்க. வைரஸ்களை யுவி செயலிழக்க வைக்குது, பாசிக்கு அது லாபம். பாசியைத் தின்றவனுக்கு யுவி அதிகமா பட்டா பாசிக்கு ஒருவகையில கொண்டாட்டம், 1994ல கனடாவுல ஓடைத் தண்ணிய வெச்சு பாத்வெல் குழு செஞ்ச சோதனையில யுவி படவிட்ட எடத்துல முதல்ல பாசி குறைஞ்சு, அப்புறம் தின்ற பூச்சிக்குஞ்சுங்க அதைவிட அதிகமா அடிபட்டதால கடைசியில பாசி ஜாஸ்தியாயிடுச்சு. அது நல்ல தண்ணி, கடல் இல்ல, ஆனாலும் "யுவி ஏறினா பாசி குறையும், பாசி குறைஞ்சா மீன் குறையும்"னு நேர்கோடு போடறவங்களுக்கு இது ஒரு ஸ்பீடு பிரேக்கர்.

இப்ப நம்ம கரைக்கு வருவோம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கரையோரத் தண்ணி என்ன நிறம்? சுத்தமான நடுக்கடல்ல யுவி-பி பத்து, இருபது மீட்டர் வரைக்கும் ஓரளவு எறங்கும். இங்க ஒண்ணு ரெண்டு மீட்டர்லயே கதை முடிஞ்சுடும். கூவம் வாயும் கொசஸ்தலை ஆத்து முகத்துவாரமும் கொண்டாந்து விடற வண்டல், சாக்கடை, அழுகின இலைதழைச் சாறு, இதுல கரைஞ்சிருக்கற பழுப்பு நிறப் பொருள் யுவியை மத்த வெளிச்சத்தைவிட வேகமா குடிச்சிடும், அலைநீளம் குறையக் குறைய இன்னும் வேகமா. அதனால நம்ம கரைக்கடல் பாசிக்கு யுவிகிட்டேர்ந்து பாதுகாப்பு ஓவராவே இருக்கு, கொடுமை என்னன்னா அந்தப் பாதுகாப்பே அழுக்கு. இங்க பாசிக்கு உண்மையில பத்தாதது வெளிச்சம்தான்.

ஒரே ஒரு எடத்துல மட்டும் யுவி நம்ம பக்கம் நெசமாவே வில்லன் ஆகுது, எந்த ஃபார்வர்டுலயும் அது வரலை. எண்ணெய். 2017 ஜனவரியில எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை பூரா வந்துச்சு, வாளி வெச்சு அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவி படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பாச்சு. எண்ணெயில ஆந்த்ரசீன், பைரீன், ஃப்ளோரான்தீன் மாதிரி வளைய ஹைட்ரோகார்பன் இருக்கு. இருட்டுல இதுங்களோட விஷம் ஒரு அளவுதான். யுவி-ஏ பட்டா இந்த மூலக்கூறு சக்தியை வாங்கி பக்கத்துல இருக்கற ஆக்சிஜன்கிட்ட குடுத்துடுது, அந்த ஆக்சிஜன் வெறி புடிச்ச மாதிரி செல் சவ்வு, போட்டோசிஸ்டம்னு கைக்குக் கிடைச்சதை எல்லாம் எரிக்குது. எண்ணெய் தனியா, யுவி தனியா பண்ற சேதத்தைக் கூட்டினா வர்றதைவிட ரெண்டும் சேர்ந்தா பல மடங்கு ஏறலாம். லேப்ல ட்யூப் லைட்டுக்குக் கீழ எண்ணெய் விஷத்தை சோதிச்சு "பரவால்ல, ஒண்ணும் ஆகலை"ன்னு ரிப்போர்ட் குடுத்தா அதை எண்ணூர் டிசம்பர் வெயிலுக்கு அப்டியே பொருத்த முடியாது. இதைப் பத்தி யாராவது கத்தினா நானும் சேர்ந்து கத்துவேன்.

மீன் குறையறதுக்குக் காரணம் தேடணும்னா குஞ்சு மீனை வழிச்சு எடுக்கற வலை, படகு எண்ணிக்கை, முகத்துவாரம் தூர்ந்து போறது, அனல் மின் நிலையத்துச் சாம்பல், சுடுதண்ணி, இதையெல்லாம் முதல்ல பாருங்க, சுருக்குமடி வலை சண்டையை நான் இங்க இழுக்க விரும்பலை. யுவி அந்த லிஸ்ட்ல ரொம்பக் கீழ.

அப்புறம் உன் ப்ராஜக்ட். பண்ணலாம், நல்லாவே பண்ணலாம். இந்தத் துறையிலயே ரொம்ப நாள் எல்லாரும் சறுக்கின எடம் பாட்டில்தான். 1952ல ஸ்டீமன் நீல்சன், பாசி எவ்ளோ கார்பன் பிடிக்குதுன்னு அளக்கற கார்பன்-14 முறையைக் கொண்டாந்ததுலேர்ந்து உலகம் பூரா கண்ணாடி பாட்டில்ல தண்ணி அடைச்சுத்தான் அளந்தாங்க, கண்ணாடி யுவி-பியில பெரும்பகுதியை வடிகட்டிடும், அதனால மேல் தண்ணி உற்பத்தியை அசலைவிட ஜாஸ்தியா காட்டியிருக்கும். யுவி-பியும் வேணும்னா குவார்ட்ஸ் ட்யூப் வேணும், விலை ஜாஸ்தி, கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல கெஞ்சிப் பாரு. பாலிதீன் பை யுவியை விடும், ஆனா ஆக்சிஜனையும் விடும், தண்ணியில ஆக்சிஜன் அளக்கற விங்க்லர் டைட்ரேஷன் பண்றதா இருந்தா அதைத் தொடாதே. குவார்ட்ஸ் கிடைக்கலைன்னா மனசு உடையாதே, போரோசிலிகேட் கண்ணாடி யுவி-ஏவைப் பெரும்பாலும் விட்டுடும், பெரிய பங்கு யுவி-ஏன்னு மேல சொன்னேன்ல, அதை மட்டும் அளக்கலாம்.

விடிகாலையில தண்ணி எடு, துறைமுகத்துக்குள்ள வேணாம், படகுல கொஞ்சம் வெளிய போறவங்ககிட்ட சொல்லி நீலம் திரும்பற எடத்துல எடுத்து வரச்சொல்லு, வாளியை மூடி நிழல்ல கொண்டு வரணும், மேல் தண்ணியில எடுத்ததை ஒரு மணி நேரம் வெயில்ல வெச்சு கொண்டாந்தா அங்கயே சோதனை முடிஞ்சுடும். பெரிய ஜந்துங்களை 200 மைக்ரோமீட்டர் வலையில வடிகட்டிடு. மூணு செட் பாட்டில், ஒண்ணு திறந்த வெயில்ல, ஒண்ணு பாலிகார்பனேட் ஷீட்டுக்குக் கீழ, ஒண்ணு கறுப்புத் துணி சுத்தி இருட்டுல. பாலிகார்பனேட் தெளிவான ஷீட் நம்ம பாரிமுனை ஹார்டுவேர் கடைங்கள்ல கிடைக்கும், 380, 400 நானோமீட்டருக்குக் கீழ கிட்டத்தட்ட எதையும் விடாது. கார் கண்ணாடி ஃபிலிம் வாங்கிடாதே, அது சாதாரண வெளிச்சத்தையும் குறைச்சிடும், அப்புறம் எது யுவியால எது நிழலாலன்னு பிரிக்கவே முடியாது. பாலிகார்பனேட்டும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், அதனால துண்டு வெட்டி காலேஜ் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல ஒட்டி எந்த அலைநீளத்துல எவ்ளோ விடுதுன்னு முதல்ல கிராஃப் எடு, திறந்த பாட்டில் மேல அதே அளவு வெளிச்சத்தைக் குறைக்கற வெள்ளை வலைத்துணி போடு. குவார்ட்ஸ் கிடைச்சா நாலாவது செட்டா பாலியஸ்டர் ஷீட் சுத்தி யுவி-பியை மட்டும் கழிச்சுப் பார்க்கலாம், பழைய ஓஎச்பி ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அதையும் கிராஃப் எடுத்துட்டு நம்பு.

மொட்டை மாடியில வைக்கறதா இருந்தா தொட்டித் தண்ணி சூடு ஏறாம பாரு, ஏப்ரல்ல சின்டெக்ஸ் தண்ணி கையே வைக்க முடியாது, சூட்டுல செத்த பாசியை யுவி கணக்குல எழுதிடுவே. பாட்டிலை தண்ணிக்குக் கீழ ஒரு விரல் ஆழத்துல படுக்க வை, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். 11லேர்ந்து 2 வரைக்கும் போதும், அதுக்கப்புறம் இருக்கற ஆக்சிஜனை அளந்து இருட்டு பாட்டில்ல இருக்கறதைக் கழிச்சுடு. குளோரோஃபில் மட்டும் அளந்து நிறுத்திடாதே, மத்தியானத்துல போட்டோசிந்தசிஸ் பாதியா விழுந்தாலும் குளோரோஃபில் அப்டியேதான் இருக்கும், ஹைதராபாத்ல இருக்கற கடல் தகவல் மையம் இன்காய்ஸ்லேர்ந்து மீன் கிடைக்கற எடம்னு வர்ற தகவலும் சேட்டலைட் குளோரோஃபில்லையும் கடல் சூட்டையும் வெச்சுத்தான், பாசி இருக்கான்னு அது சொல்லும், அந்த மத்தியானம் வேலை செய்யுதான்னு சொல்லாது. முடிஞ்சா அதே மாதிரி வெயில்ல வெச்ச இன்னொரு பாட்டிலைத் திறக்காம சாயங்காலம் வரைக்கும் நிழல்ல வெச்சு அப்புறம் அளந்து பாரு, ரிப்பேர் நடந்துச்சான்னு தெரியும், அந்த ஒரு நம்பர் இல்லாம உன் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

உன் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் விவரம் தெரிஞ்சவரா இருந்தா வைவாவுல கண்டிப்பா ஒண்ணு கேப்பாரு: கடல்ல பாசி ஏறி எறங்கும், நீ மூணு மணி நேரம் மேலயே கட்டிப் போட்டுட்டியே, உன் சதவீதம் கடலுக்குப் பொருந்துமான்னு. பொருந்தாது, உன் நம்பர் உச்சபட்சம், தண்ணி அசையாத நாளோட நம்பர்னு சொல்லு. இன்னும் சாமர்த்தியம் காட்டணும்னா ஒரு செட் பாட்டிலை கயிறு கட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நிழல் ஷீட்டுக்குக் கீழ இழுத்து மறுபடி வெயிலுக்குத் தள்ளு, மொத்தமா பட்ட வெயில் எவ்ளோன்னு குறிச்சு வெச்சுக்கினு நிக்க வெச்ச செட்டோட ஒப்பிடு. ரெண்டு தம்பிங்க வேணும் இதுக்கு, தொப்பி போட்டுக்கச் சொல்லு.